முட்டைக்கோசுக்கு முன்பே முளைக்க வேண்டியவை

முட்டைக்கோசு நாற்றை நட்டு மூன்று வாரம் கழிந்த ஒரு காலையில் இலை ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். மேலிருந்து பார்க்கும்போது குறையேதும் தெரியாத அந்த இலையின் அடிப்பக்கத்தில், பச்சையம் சுரண்டப்பட்டு மெல்லிய தோல் மட்டும் மிஞ்சிய சின்னச் சின்னத் திட்டுகள் இருந்தன. வெயிலுக்கு நேரே பிடித்தபோது கண்ணாடி பதித்த சன்னலைப்போல் அவற்றின் வழியே வெளிச்சம் வந்தது. ஒரு திட்டின் ஓரத்தில், சுண்டுவிரல் நகத்தின் நீளம்கூட இல்லாத, இரு முனையும் கூம்பிய வெளிர்பச்சைப் புழு ஒன்று அசையாமல் கிடந்தது. புல்நுனியால் இலேசாகத் தொட்டதும் அது வெட்டி வெட்டித் துள்ளி, பின்னோக்கி நகர்ந்து, இலை விளிம்பிலிருந்து ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு கீழே தொங்கியது. கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். சற்று நேரத்தில் அதே இழையில் ஏறி, விட்ட இடத்திற்கே திரும்பி, மீண்டும் சுரண்டத் தொடங்கியது.

அதுதான் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. வளர்ந்த பூச்சி இறக்கையை மடித்து உட்காரும்போது முதுகில் வைர வடிவங்கள் வரிசையாகத் தெரிவதால் இந்தப் பெயர். முட்டைக்கோசு விளையும் இடங்களிலெல்லாம் இதுவும் இருக்கிறது. அந்தப் பருவத்தில் நான் துணைச் செடிகள் எதையும் வைக்காமல் இல்லை. எந்தச் செடிக்கு எந்தச் செடி நண்பன், எது பகைவன் என்று சொல்லும் பட்டியல் ஒன்றைப் பார்த்து, பாத்தியைச் சுற்றிச் செண்டுமல்லியும், நடுவே வெங்காயமும், மூலைகளில் கொத்தமல்லியும், ஓர் ஓரத்தில் கடுகும் வைத்திருந்தேன். எல்லாவற்றையும் நாற்று நட்ட அதே நாளில் விதைத்தேன். செண்டுமல்லி பூப்பதற்குள், கொத்தமல்லி நாலு விரல் உயரம் வருவதற்குள், வெளி இலைகள் சல்லடையாகிவிட்டன.

அதன்பின் சில பருவங்கள் கவனித்தும் படித்தும் பார்த்ததில் எனக்குத் தெளிவான ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்தப் பட்டியல்கள் எந்தச் செடி என்ற கேள்விக்கு விடை சொல்கின்றன. எப்போது விதைப்பது, எவ்வளவு உயரம் வரவேண்டும், எப்போது வெட்டி எறிவது என்ற கேள்விகளை அவை தொடுவதே இல்லை. முட்டைக்கோசைப் பொறுத்தவரை துணைச் செடி பயன்படுவதும் படாமல் போவதும் பெரும்பாலும் இந்த மூன்றைப் பொறுத்தே அமைகின்றன.

பூச்சி முட்டைக்கோசை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதிலிருந்து தொடங்குவதுதான் முறை. கடுகுக் குடும்பத்துச் செடிகள் எல்லாவற்றிலும் குளுக்கோசினோலேட் என்னும் வேதிப்பொருள்கள் உள்ளன. இலை கடிபடும்போதோ நசுங்கும்போதோ செல்லில் தனியே இருக்கும் மைரோசினேஸ் என்ற நொதி அவற்றோடு கலந்து, காரமான மணமுடைய பொருள்களாக உடைக்கிறது. கடுகை அரைக்கும்போது மூக்கில் ஏறும் காரம் இதுவே. பெரும்பாலான பூச்சிகளை இந்தக் காரம் விரட்டிவிடும். ஆனால் முட்டைக்கோசையே நம்பி வாழும் சில பூச்சிகள் அதைச் சமாளிக்கும் வழியை எப்போதோ பெற்றுவிட்டன. வைரமுதுகு அந்துப்பூச்சி, வெள்ளை வண்ணத்துப்பூச்சி, செடியின் சாற்றை உறிஞ்சும் சாம்பல் பூத்த அசுவினி ஆகியவற்றுக்கு அந்தக் காரமே முகவரி. ஆகவே பக்கத்தில் வலுவான மணமுள்ள மூலிகையை வைத்தால் முட்டைக்கோசின் மணம் மறைந்துவிடும், பூச்சி வழிதவறிவிடும் என்று சொல்லப்படும் விளக்கம் கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. நானும் நெடுநாள் அதை நம்பினேன்.

இந்த நம்பிக்கையை நேரடியாகச் சோதித்தவர்களுள் முக்கியமானவர்கள் இங்கிலாந்தின் வெல்ஸ்போர்ன் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஸ்டான் ஃபிஞ்சும் ரோஸ்மேரி கோலியரும். 2000-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட விளக்கம் இதுதான். மணம் பூச்சிக்கு ‘இங்கே இறங்கு’ என்று மட்டுமே சொல்கிறது. இறங்கும் இடத்தைக் காட்டுவது நிறம். பறந்து வரும் பூச்சி பழுப்பான மண்ணைத் தவிர்த்துப் பச்சையாகத் தெரியும் எதன் மீதும் இறங்கிவிடும். இறங்கிய பிறகு காலால் தொட்டுச் சுவைத்துத்தான் அது முட்டைக்கோசா இல்லையா என்று தெரிந்துகொள்ளும். சுற்றிலும் வெறும் மண் இருந்தால் பச்சையாக இருப்பது முட்டைக்கோசு ஒன்றே. எனவே ஒவ்வொரு முறை இறங்குவதும் சரியான இடத்தில்தான். சுற்றிலும் வேறு பச்சைச் செடிகள் இருந்தால் பாதி நேரம் தவறான இலையில் இறங்கி, ஏமாந்து, கிளம்பிவிடுகிறது. முட்டைக்கோசு வேர் ஈயைப் போன்றவை ஒரே முறை சரியாக இறங்கியதும் முட்டையிடுவதில்லை. சிறுசிறு தாவல்களாகப் பறந்து, பலமுறை தொடர்ச்சியாகச் சரியான இலையிலேயே இறங்கி உறுதிசெய்துகொண்ட பிறகே முட்டையிடுகின்றன. அந்தத் தொடர்ச்சி இடையில் ஒருமுறை அறுந்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவர்களுடைய சோதனைகளில் வெறும் மண்ணில் நின்ற முட்டைக்கோசின் அருகே 36 விழுக்காடு ஈக்கள் முட்டையிட்டன. க்ளோவர் என்னும் சிறு பயறுவகைச் செடிக்கு நடுவே நின்றதன் அருகே 7 விழுக்காடு மட்டுமே.

இதைவிட என்னை யோசிக்க வைத்தவை அவர்களது தொடர் சோதனைகள். மணமுள்ள செடிகளையும் மணமில்லாத செடிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில், மணமுள்ளவை கூடுதலாக எதையும் சாதிக்கவில்லை. பச்சை அட்டையை வெட்டி நட்டு வைத்தாலும் பூச்சி குழம்பியது. மாறாக, காய்ந்து பழுப்பாகிப்போன க்ளோவருக்கு நடுவே முட்டைக்கோசை வைத்தபோது முட்டைகள் குறையவில்லை. பச்சைக் க்ளோவரும் முட்டைக்கோசின் உயரத்தில் பாதிக்குமேல் வளர்ந்திருந்தபோதுதான் பெரிய வேறுபாட்டைக் காட்டியது.

இந்த ‘பாதி உயரம்’ என்ற கணக்கு என் பாத்தியில் நடந்ததற்கு முழு விளக்கமாக அமைந்தது. நாற்று ஒரு சாண் உயரத்தில் நிற்கும்போது அன்றைக்கு விதைத்த துணைச் செடி மண்ணுக்குள் இருக்கிறது. அது முளைத்து இரண்டு இலை விடுவதற்குள் முட்டைக்கோசு இன்னும் உயர்ந்துவிடுகிறது. முட்டைக்கோசுக்கு மறைப்பு மிகவும் தேவைப்படும் முதல் நான்கைந்து வாரங்களில் அது வெட்டவெளியில் தனியே நிற்கிறது. களையை ஒன்றுவிடாமல் பிடுங்கிச் சுத்தமாக வைத்திருந்த என் பாத்திதான் பூச்சிக்கு மிகவும் வசதியாக இருந்திருக்கிறது. வைக்கோல் மூடாக்கு ஈரத்தைக் காப்பதற்கு மிக நல்லது, அதை நான் கைவிடவில்லை. ஆனால் பழுப்பு நிற மூடாக்கு முட்டைக்கோசை மறைக்காது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எனவே இப்போது நாற்று நடுவதற்கு மூன்று வாரம் முன்பே பாத்தி முழுவதும் வெந்தயத்தை விதைத்துவிடுகிறேன். வெந்தயம் விரைவில் முளைக்கும், கிளைத்து இடத்தை நிரப்பும், பிடுங்க வேண்டிய நேரத்தில் சிரமமின்றி வரும். குளிர்ந்த பகுதிகளில் வெள்ளைக் க்ளோவர் இதே வேலையைச் செய்யும். ஆனால் அது படர்ந்து வேரூன்றி நிலைத்துவிடும் செடி, அடக்கி வைக்க உழைப்பு அதிகம். நாற்று நடும் நாளில் வெந்தயப் பரப்பில் ஒவ்வொரு குழிக்கும் இரண்டு கையளவு வட்டத்தை மட்டும் வெட்டி எடுத்து, அந்த இடைவெளியில் நாற்றை வைக்கிறேன். வெட்டியதை அங்கேயே மண்ணில் பரப்பிவிடுகிறேன். முதல் பார்வைக்குக் களை மண்டிய பாத்தி போலத்தான் இருக்கும். பார்க்க வருகிறவர்கள் ‘களை எடுக்கவில்லையா’ என்று கேட்பார்கள். அந்தத் தோற்றந்தான் நமக்கு வேண்டும்.

இதில் ஒரு விலையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. முட்டைக்கோசின் வேர் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவுவது. தழைச்சத்தும் (நைட்ரஜனும்) நீரும் அதற்கு நிறைய வேண்டும். அதே மேல்மண்ணில் வேறு செடியும் நெருக்கமாக நின்றால் போட்டி தவிர்க்க முடியாதது. நெதர்லாந்தில் க்ளோவரை ஊடுபயிராக வைத்துச் செய்யப்பட்ட ஆய்வுகளிலும் பூச்சிச் சேதம் குறைந்தது, ஆனால் கோசின் எடையும் குறைந்தது. என் பாத்தியில் ஒரு பருவம் வெந்தயத்தை வெட்டாமல் கடைசிவரை விட்டுப் பார்த்தேன். புழு குறைவுதான், ஆனால் கோசு கைமுட்டி அளவைத் தாண்டவில்லை. ஆகவே முட்டைக்கோசின் இலைகள் ஒன்றையொன்று தொடத் தொடங்கும்போது, அதாவது உள் இலைகள் குவிந்து தலைகட்டத் தொடங்குவதற்குச் சற்று முன்பு, வெந்தயம் முழுவதையும் மண்மட்டத்தில் அறுத்து அங்கேயே மூடாக்காகப் போட்டுவிடுகிறேன். அந்த நேரத்தில் முட்டைக்கோசு தன் இலைகளாலேயே மண்ணை மூடிவிடுவதால் மறைப்பின் தேவையும் குறைந்துவிடுகிறது.

வெந்தயம் போன்ற பயறு வகைச் செடியை அருகில் வைத்தால் அது காற்றிலிருந்து எடுக்கும் தழைச்சத்தை முட்டைக்கோசுக்கு ஊட்டும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. உயிரோடு நிற்கும்வரை பயறுச் செடி அந்தச் சத்தைப் பெரும்பாலும் தனக்கே வைத்துக்கொள்கிறது. அதை அறுத்த பிறகு வேரும் முடிச்சும் தழையும் மட்கும்போதுதான் மண்ணுக்குத் திரும்புகிறது. அந்த வகையிலும் சரியான நேரத்தில் அறுப்பதே பயன் தருகிறது. இதை நம்பி எருவைக் குறைத்துவிடக் கூடாது.

அடுத்தது கடுகு. முட்டைக்கோசுக்குச் சொல்லப்படும் துணைப் பயிர்களுள் மிக உறுதியான ஆய்வுப் பின்புலம் உள்ளது இதற்குத்தான் என்பது என் எண்ணம். இது மறைக்கும் பயிர் அன்று. கவர்ச்சிப் பயிர், அதாவது பூச்சியை வேண்டுமென்றே தன்பக்கம் இழுக்கும் பயிர். வைரமுதுகு அந்துப்பூச்சிக்கு முட்டைக்கோசைவிடக் கடுகின் மீது முட்டையிடவே விருப்பம் அதிகம். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்ரீநிவாசனும் கிருஷ்ணமூர்த்தியும் 1991-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 25 வரிசை முட்டைக்கோசுக்கு இரண்டு வரிசைக் கடுகு என்ற கணக்கில் விதைக்க வேண்டும். அந்த முறையில் நான் மிகவும் மதிப்பது விதைக்கும் நாள்களை அவர்கள் பிரித்து வைத்த விதம். முதல் வரிசைக் கடுகை முட்டைக்கோசு நடுவதற்கு 15 நாள் முன்பே விதைக்க வேண்டும். இரண்டாம் வரிசையை நட்டு 25 நாள் ஆன பிறகு விதைக்க வேண்டும். நாற்று பாத்திக்கு வரும் நாளில் கடுகு ஏற்கெனவே இளந்தழையோடு காத்திருக்கிறது. அது பூத்துக் காய்த்துக் கவர்ச்சி இழக்கும் நேரத்தில் அடுத்த வரிசை அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைக்கும் பழக்கத்திற்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கடுகை விதைத்துவிட்டு மறந்துவிட்டால் வராமல் இருந்திருக்கக்கூடிய பூச்சியையும் நாமே வரவழைத்து வளர்த்தவர்கள் ஆவோம். ஒரு பருவத்தில் எனக்கு அதுதான் நேர்ந்தது. கடுகு செழித்து மஞ்சளாகப் பூத்து நின்றது. பூவின் அழகைப் பார்த்து அறுக்க மனம் வரவில்லை. அதன் இலைகளில் இருந்த புழுக்கள் கூட்டுப்புழுவாகி, பூச்சியாகி வெளியே வந்தபோது கடுகு முற்றிப்போயிருந்தது. பக்கத்தில் இளம் முட்டைக்கோசு தயாராக இருந்தது. வெப்பமான காலத்தில் இந்தப் பூச்சியின் ஒரு தலைமுறை இரண்டு மூன்று வாரங்களிலேயே முடிந்துவிடும். எனவே கடுகில் முட்டையும் இளம்புழுவும் தெரிந்த பிறகு பத்து நாளுக்குமேல் அதை விட்டுவைக்கக் கூடாது. நான் செடியை அசைக்காமல் அடியோடு அறுத்து, உடனே கறுப்பு நெகிழிப் பையில் போட்டு வாயைக் கட்டி, ஒரு வாரம் வெயிலில் வைத்துவிடுகிறேன். பெரிய வயலில் கடுகின் மீது மட்டும் மருந்து தெளிப்பார்கள். வீட்டுத் தோட்டத்தில் அரிவாளும் பையும் போதும்.

இன்னோர் எச்சரிக்கையும் வேண்டும். கடுகும் முட்டைக்கோசின் குடும்பமே. வேர் வீங்கிப்போகும் நோய், இலை விளிம்பிலிருந்து நரம்பு நோக்கி ‘V’ வடிவில் மஞ்சளாகிக் காயும் கருப்பழுகல் ஆகிய இரண்டும் கடுகையும் தாக்கும். இந்த நோய்கள் ஒருமுறை வந்த மண்ணில் கவர்ச்சிப் பயிராகக் கடுகை வைப்பது நோயை வளர்ப்பதாகிவிடும். அப்படிப்பட்ட பாத்தியில் கடுகும் வேண்டாம், முட்டைக்கோசும் வேண்டாம் என்பதுதான் என் முடிவு. கடுகுக் குடும்பத்திலேயே மஞ்சள் ராக்கெட் என்று அழைக்கப்படும் ஒரு செடி உண்டு. வைரமுதுகு அந்துப்பூச்சி அதை விரும்பி முட்டையிடும்; ஆனால் அதன் இலையில் உள்ள சப்போனின் என்னும் வேதிப்பொருள்களால் பொரிக்கும் புழுக்கள் பிழைப்பதில்லை. அறுத்து அப்புறப்படுத்தும் கவலையே இல்லாத கவர்ச்சிப் பயிர் அது. விதை கிடைப்பவர்களுக்கு அது கடுகைவிட நல்லது. ஆனால் குளிர்நாடுகளில் அதுவே களையாகப் பரவும் என்பதால் விதை முற்ற விடக்கூடாது.

மருந்து தெளித்தால் இவ்வளவு கணக்கும் தேவையில்லையே என்று தோன்றலாம். வைரமுதுகு அந்துப்பூச்சியின் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. டி.டி.டி. மருந்துக்கு இது எதிர்ப்பு பெற்றுவிட்டது என்று 1953-லேயே ஜாவாவிலிருந்து செய்தி வந்தது. பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் பி.டி. மருந்து வந்தபோது அதற்கு எதிர்ப்பு உண்டாகாது என்று பலர் நம்பினார்கள். 1990-இல் ஹவாய்த் தீவுகளின் வயல்களிலிருந்து அதற்கும் எதிர்ப்பு பதிவானது. திறந்த வயலில் பி.டி.-க்கு எதிர்ப்புப் பெற்ற முதல் பூச்சி இதுதான். மேலும் எல்லாவற்றையும் கொல்லும் மருந்து, இந்தப் புழுவைத் தேடி வரும் குளவிகளையும் கொன்றுவிடும். இந்தக் குளவிகளுக்காகத்தான் அடுத்த வகைத் துணைச் செடிகளை வைக்கிறோம்.

புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகள் நம் தோட்டத்தில் பெரும்பாலும் இருக்கவே செய்கின்றன. கொசுவளவே இருப்பதால் நாம் கவனிப்பதில்லை. வளர்ந்த குளவிக்கு உணவு தேன். ஆனால் அதன் வாயுறுப்பு மிகச் சிறியது. ஆழமான குழல் போன்ற பூவில் இருக்கும் தேன் அதற்கு எட்டாது. கொத்தமல்லி, சதகுப்பை, சோம்பு ஆகியவற்றின் குடை போன்ற பூங்கொத்தில் ஒவ்வொரு பூவும் தட்டையாகத் திறந்து, தேன் வெளியே தெரியும்படி இருக்கும். அலிசம் என்னும் சிறு வெள்ளைப் பூச்செடியும் இதற்கு ஏற்றதுதான், ஆனால் அதுவும் கடுகுக் குடும்பம் என்பதால் நான் கொத்தமல்லியையே விரும்புகிறேன். தேன் கிடைக்கும் குளவி அதிக நாள் வாழ்கிறது. அதிக நாள் வாழும் குளவி அதிகப் புழுக்களில் முட்டையிடுகிறது.

இங்கும் நாள் கணக்கே பெரிது. கொத்தமல்லித் தழையால் குளவிக்குப் பயனில்லை, பூவால்தான் பயன். விதைத்துப் பூக்க ஏறத்தாழ ஆறேழு வாரங்கள் ஆகும். வெப்பம் அதிகமானால் சற்று முன்பே பூக்கும். நாற்று நடும் நாளில் கொத்தமல்லியை விதைத்தால், அது பூக்கும்போது முட்டைக்கோசு தலைகட்டி முடிந்திருக்கும். ஆகவே முட்டைக்கோசு விதையைக் குழித்தட்டில் போடும் அன்றைக்கே கொத்தமல்லியைப் பாத்தியின் இரு முனைகளிலும் விதைத்துவிடுகிறேன். இருபது நாள் கழித்து இன்னொரு பிடி விதைக்கிறேன், பூ இடைவிடாமல் இருப்பதற்காக. தழைக்காகக் கிள்ளும் செடிகளை வேறிடத்தில் வைத்துக்கொள்வது நல்லது. கிள்ளிக்கொண்டே இருந்தால் பூ தள்ளிப்போகும்.

இந்தப் பூக்களின் பலனை நான் கண்ணால் பார்த்தது அசுவினியில்தான். இலையின் மடிப்பில் சாம்பல் தூவியதுபோல் நூற்றுக்கணக்கில் அடைந்திருந்த அசுவினிக் கூட்டத்தைக் கைக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றுள் சில மட்டும் சாம்பல் நிறமில்லாமல், உப்பி, வெளிர்பழுப்புக் காகிதத்தால் செய்த சிறு உருண்டைகள்போல் இலையோடு ஒட்டியிருந்தன. நகத்தால் தொட்டபோது அவை அசையவில்லை, உள்ளே கூடு. சிலவற்றின் முதுகில் ஊசியால் குத்தி வட்டமாக அறுத்தெடுத்ததுபோல் ஒரு துளை இருந்தது. ஒன்றில் அறுத்த மூடி கீல் வைத்ததுபோல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அசுவினியின் உள்ளே வளர்ந்த குளவி அந்த வழியாகத்தான் வெளியேறியிருக்கிறது. முட்டைக்கோசு அசுவினியைத் தேடி வரும் அந்தக் குளவி, எந்தக் கடுகுக் காரத்தை முகர்ந்து அசுவினி வந்ததோ அதே காரத்தை முகர்ந்துதான் வருகிறது என்பதை 1970-லேயே ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதே கூட்டத்தின் ஓரத்தில் கண்ணும் காலும் இல்லாத, ஒளி ஊடுருவும் உடலுள்ள சிறு புழு ஒன்று, அசுவினி ஒன்றைக் கவ்வித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. அது சிர்ஃபிட் ஈயின் குஞ்சு. நான் அதை முட்டைக்கோசுப் புழு என்று நினைத்து முன்பு எத்தனை முறை நசுக்கியிருப்பேன் என்று எண்ணும்போது வருத்தமாக இருக்கிறது. அசுவினியைக் கண்டதும் மருந்தை எடுக்காமல், முதலில் ஒரு கைக்கண்ணாடியை எடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பழுப்பு உருண்டைகள் பத்தில் இரண்டு மூன்று தெரிந்தாலே ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம்.

மற்ற செடிகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். செண்டுமல்லியின் வேர் வெளியிடும் பொருள், மண்ணில் இருந்து வேரைத் தாக்கும் நூற்புழுக்களைக் கட்டுப்படுத்தும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பலன் பெரும்பாலும் அதை அடர்த்தியாகத் தனிப்பயிராக இரண்டு மாதம் வளர்த்து, மடக்கி உழுத பிறகு வரும் பயிருக்கே கிடைக்கிறது. முட்டைக்கோசைச் சுற்றி நாலு செடி வைப்பதால் இலைப்புழு குறைந்து நான் பார்த்ததில்லை. வெங்காயமும் பூண்டும் குறைந்த இடத்தில் நிற்பவை, பாத்தி ஓரத்தில் தாராளமாக வைக்கலாம். ஒல்லியான அவற்றின் இலைகள் முட்டைக்கோசை மறைக்கப் போதுமானவை அல்ல. தக்காளி ஒரு பட்டியலில் நண்பனாகவும் இன்னொன்றில் பகைவனாகவும் வருவதைப் பார்த்திருப்பீர்கள். 1970-களில் பிலிப்பைன்ஸில் செய்த ஆய்வில் தக்காளியோடு வளர்ந்த முட்டைக்கோசில் வைரமுதுகு அந்துப்பூச்சி குறைந்தது. அமெரிக்காவில் தலைகட்டாத கோசு வகையைத் தக்காளியோடு வைத்துப் பார்த்தபோது இலைத்துளைக்கும் சிறு வண்டுகள் குறைந்தன. எனினும் தக்காளி உயர்ந்து நிழல் விழுத்தும், எருவையும் நிறைய எடுக்கும். இடம் விட்டு, நிழல் முட்டைக்கோசின் மீது விழாத பக்கத்தில் வைக்க முடிந்தால் வைக்கலாம். சின்னப் பாத்தியில் நான் வைப்பதில்லை. சீக்கிரம் அறுவடையாகும் கீரைகளும் லெட்யூசும் நாற்றுகளுக்கிடையே முதல் மாதம் காலியாகக் கிடக்கும் இடத்தைப் பயன்படுத்த மிகப் பொருத்தமானவை. அவையும் பச்சை மறைப்பாகவே பயன்படும். அவற்றையும் முன்கூட்டியே விதைக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

பக்கத்தில் வைக்கக் கூடாதவை எவை என்று கேட்டால், காலிஃப்ளவர், ப்ரோக்கோலி, நூல்கோல், முள்ளங்கி, டர்னிப் என்று அதே குடும்பத்துச் செடிகளைத்தான் சொல்வேன். ஒரு குடும்பத்துப் பயிரையே சேர்த்து வைக்கும்போது அந்தக் குடும்பத்துப் பூச்சி அங்கே எளிதில் வந்து, வெளியேறாமல் தங்கிவிடுகிறது. 1973-இல் ரிச்சர்ட் ரூட் தன் நீண்ட வயல் ஆய்வில் விளக்கியதும் இதைத்தான். தொட்டிகளில் வளர்ப்பவர்கள் முட்டைக்கோசுப் பைகளை ஒரே வரிசையில் வைக்காமல், கீரைப் பைகளுக்கும் கொத்தமல்லிப் பைகளுக்கும் இடையில் ஒன்று விட்டு ஒன்றாக வைத்தாலே போதும். பைகளை நகர்த்த முடியும் என்பதால் கடுகுப் பையை வேலை முடிந்ததும் தூக்கிக்கொண்டு போய்விடலாம். இந்த ஒரு வசதி பாத்தியில் கிடைக்காது.

என் பாத்தி மூன்று மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ளது. அதில் செடிக்குச் செடி 45 செ.மீ. விட்டு, இரண்டு வரிசையில் முன்பின்னாகப் பன்னிரண்டு முட்டைக்கோசு வைக்கிறேன். விதையைக் குழித்தட்டில் போடும் நாளே முதல் நாள். அன்று பாத்தியின் முனைகளில் கொத்தமல்லி. பத்தாம் நாள் பாத்தி முழுவதும் வெந்தயம். பதினைந்தாம் நாள் பாத்தியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஒரு வரிசைக் கடுகு. ஏறத்தாழ முப்பதாம் நாள் நாற்றை நடுகிறேன். அப்போது வெந்தயம் ஒரு சாணுக்குக் கிட்ட வந்திருக்கும், கடுகு நாலைந்து இலையோடு நிற்கும். அதற்குப் பிறகு வாரம் இருமுறை கடுகின் இலையைத் திருப்பிப் பார்ப்பதுதான் முக்கிய வேலை. ஐம்பத்தைந்தாம் நாள் இரண்டாம் வரிசைக் கடுகு விதைத்து, முதல் வரிசை அதற்குள் அறுக்கப்படாமல் இருந்தால் அறுத்துவிடுகிறேன். வெந்தயத்தை அறுப்பதும் ஏறத்தாழ அந்த நாள்களில்தான். அடர்த்தியான பாத்தியில் காற்றோட்டம் குறையும், நத்தை ஒளியும். அதனால் நீரை மாலையில் இலை மேல் தெளிக்காமல் காலையில் வேரடியில் விடுகிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் வெளி இலைகளில் சன்னல்கள் தெரியத்தான் செய்யும். வெளி இலைகளில் சில துளைகள் இருப்பதால் கோசுக்கு ஒன்றும் ஆகிவிடாது. குருத்தில் புழு இறங்குகிறதா என்பதையே பார்க்க வேண்டும். செடிக்கு ஒன்றிரண்டு புழு என்றால் கையால் எடுத்துவிடுகிறேன். அதற்குமேல் போன ஒரே ஒரு பருவத்தில் வேப்பங்கொட்டைக் கரைசலை மாலை நேரத்தில், கொத்தமல்லிப் பூவின் மீது படாமல், குருத்துக்கு மட்டும் தெளித்தேன்.

அறுவடை ஆனதும் தண்டையும் வேரையும் பாத்தியில் விட்டுவைப்பதில்லை. அதில் துளிர்க்கும் இலைகளில் அசுவினி அடுத்த பருவம்வரை பிழைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி, வேரில் வீக்கம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, அப்புறப்படுத்திவிடுகிறேன். அந்தப் பாத்திக்கு மூன்று ஆண்டுகளுக்குக் கடுகுக் குடும்பத்துச் செடி வராது. முனைகளில் நிற்கும் கொத்தமல்லியை மட்டும் பிடுங்குவதில்லை. அதில் இன்னும் பூ இருக்கிறது, காலை வெயில் ஏறும்போது குளவிகள் இன்னும் அதன்மேல் ஊர்ந்துகொண்டிருக்கின்றன.